குளிரில் வைத்த ரத்தம்

அக்காவின் ரத்தத்தில் பொட்டாசியம் எட்டு என்று இயந்திரம் காட்டியதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான்குதான் சரியான அளவு. எட்டு என்றால் இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம். இப்படி ஒரு எண் வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் பரிசோதனைக் கூடத்தின் விதி. சொன்னேன். அவர் அக்காவை வீட்டிலிருந்து வரவழைத்து அவசரப் பிரிவில் படுக்கவைத்து, அளவை இறக்க ஊசி எழுதிவிட்டார்.

அத்தான் கூடத்து வாசலில் திருதிருவென விழித்துக்கொண்டு நின்றார். அவரை எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

"நர்ஸ் நேத்து சாயங்காலமே வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துட்டாங்க. நீங்க இன்னைக்குக் காலைலதான் கொண்டு வந்தீங்க. ராத்திரி எங்க வெச்சிருந்தீங்க?"

"பிரிட்ஜ்லதாம்மா. கெட்டுப்போயிடக் கூடாதுல்ல?"

எனக்கு வந்ததே கோபம்! "அது என்ன பாலா, கெட்டுப்போக? அதுக்கு உயிர் இருக்கு அத்தான்!"

ரத்த அணுவுக்குள் பொட்டாசியம் மண்டிக் கிடக்கும், வெளியே கொஞ்சம்தான். கூட்டமான இடத்திலிருந்து காலியான இடத்துக்கு நழுவத்தான் அது பார்க்கும். அணுவின் மேல்தோலில் இருக்கும் குட்டிப் பம்புகள், நழுவியதை ஓயாமல் உள்ளே இழுத்துப் போடும், சோடியத்தை வெளியே தள்ளும். எதிர்த்துத் தள்ளுகிற வேலைக்குச் சக்தி வேண்டும், உடம்புச் சூடும் வேண்டும். குளிரில் பம்பு படுத்துவிடும், பொட்டாசியம் இரவெல்லாம் கசியும். அணு உடைந்திருந்தால் மேலே தெளியும் நீர் சிவந்து காட்டிக்கொடுத்திருக்கும். இது தெளிவாக இருந்தே என்னை ஏமாற்றிவிட்டது.

அக்காவின் உடம்பில் அளவு சரியாக இருந்தால், அதை இறக்கும் அந்த ஊசியே எமன். விழுந்தடித்து ஓடினேன். மருத்துவர் ஊசியை நிறுத்திவிட்டு ஈசிஜி எடுத்தார். அதில் கோளாறு தெரியவில்லை.

"புதுசா எடுத்துப் பாருங்க," என்றார்.

நானே எடுத்தேன். குழாய் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது. இயந்திரம் எண் காட்டும்வரை, என் கணக்கு தப்பாக இருந்துவிடுமோ என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு வந்தது.

அக்கா படுத்தபடியே கேட்டாள். "அவர திட்டினியா?"

"நல்லா."

"பாவம்டி. ராத்திரி எழுந்து எழுந்து போய் பிரிட்ஜத் திறந்து பாத்தாரு. கல்யாணமான நாள்லேர்ந்து என் பொருள் ஒண்ணக்கூடப் பத்திரமா வெச்சதில்ல. இத ஒண்ணத்தான் வெச்சாரு."

வெளியே வந்தேன். அத்தான் முகத்தைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "அக்காவுக்கு ஒண்ணுமில்ல அத்தான்," என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.