கோடம்பாக்கத்து ராகேஷ்

மத்தியான வெயிலில் பட்டினப்பாக்கத்துக் கரையில் ஆள் நடமாட்டம் இருக்காது. கடலுக்குப் போய் வந்தவர்கள் தூங்குவார்கள். பெண்கள் மீன் அங்காடியில் இருப்பார்கள். மேலே இழுத்துப் போட்ட இரண்டு ஃபைபர் படகுகளுக்கு நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு நிழல். அந்த நிழலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, செல்போனைக் காதோடு அழுத்தி உட்கார்ந்திருந்தாள் ஷண்முகப்ரியா.

"ப்ரியா, நேராவே கேக்கறேன். செத்துப் போயிடலாம்னு தோணறதா உனக்கு?"

கேட்டது ஷ்ரேயா. அடையாறில் சொந்தமாக மனநல ஆலோசனை மையம் வைத்திருப்பவள். ப்ரியா படிக்கிற மகளிர் கல்லூரியில், வகுப்புக்குப் போக முடியாமல் கழிவறையில் உட்கார்ந்திருந்தவளைக் கண்டுபிடித்த வேதியியல் மேடம் கொடுத்த நம்பர் அது. மாணவிகளிடம் ஷ்ரேயா காசு வாங்குவதில்லை. நேரில் வரச் சொன்னாள். மதியம் கல்லூரி விட்டதும் வீட்டு வேலை, சாயங்காலம் அம்மாவின் மீன் கடை. ப்ரியாவால் போக முடியவில்லை. சரி, போனிலேயே பேசலாம், ரூம் கதவைச் சாத்திண்டு உட்கார்ந்துக்கோ, அது போதும் என்றாள் ஷ்ரேயா.

ஹவுசிங் போர்டு வீட்டில் ரூம் என்பதே வீடுதான். அதில் அம்மா, அண்ணன், அவள், கேஸ் அடுப்பு, டிவி, வலை மூட்டை. பகலில் கதவைச் சாத்தினால் இன்னா ஆச்சு என்று பக்கத்து வீட்டிலிருந்து தட்டுவார்கள். மாடியில் கருவாடு காயும், காக்காய் ஓட்ட ஆள் இருக்கும். கடைசியில் அகப்பட்டது இந்தப் படகு மறைவு. புதன்கிழமை தோறும் இங்கேதான்.

முதல் நாளே ஷ்ரேயா ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தாள். நீ சொல்வது எதுவும் என்னைத் தாண்டிப் போகாது. உன் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வீட்டில் ஒருவருக்குச் சொல்ல வேண்டி வரும், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன். அதனாலேயே இந்தக் கேள்வியை அவள் கேட்கக் கூடாதென்று ப்ரியா வாரா வாரம் பயந்துகொண்டிருந்தாள். ஆமாம் என்று சொன்னால் வீட்டுக்குத் தெரியும். இல்லை என்று சொன்னால் இனி யாரும் கேட்கப்போவதில்லை.

"அவசரமில்ல. நான் லைன்லதான் இருக்கேன்."

ப்ரியா வாயைத் திறந்தாள். பின்னாலிருந்து ஒரு கை வந்து போனைப் பிடுங்கியது. ஐஸில் ஊறி வெளுத்த விரல்கள்.

"எத்தினி நாளா நடக்குது இது?"

அம்மா புஷ்பம். கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள். முழங்கைவரை செதில் ஒட்டியிருந்தது. இணைப்பைத் துண்டித்து, போனை இடுப்பில் சொருகிக்கொண்டு மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பக்கத்து வூட்டு சந்திரிகா சொன்னப்ப நம்பலடி நானு. எம் பொண்ணு அப்டி இல்லன்னு அவகிட்ட சண்டை போட்டேன். படகு மறைவுல ஒக்காந்துக்கினு குசுகுசுன்னு பேசிக்கினு கீற. யார்டி அவன்?"

படகு மறைவில் உட்காரும் பெண்ணுக்கு இந்தக் குப்பத்தில் ஒரே அர்த்தம்தான். அதை யோசிக்காமல் போனோமே என்று நினைத்தாள் ப்ரியா. வேறு இடம் மட்டும் எங்கே இருந்தது.

வீட்டில் அண்ணன் மகேஷ் தரையில் படுத்திருந்தான். விடியலில் வலை போட்டுவிட்டு வந்த உடம்பு. அம்மா காலால் உசுப்பினாள்.

"எந்திரிடா. ஒன் தங்கச்சி ஆள் புடிச்சிட்டா."

மகேஷ் எழுந்து உட்கார்ந்து லுங்கியைச் சரிசெய்தான். அவனுக்குத் திருவான்மியூரில் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை பூ வைக்கிறார்கள். இந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க ஒரு குடும்பம் சம்மதித்ததே பெரிய விஷயம். அப்பாவின் தங்கை தேசம்மா அத்தைக்குப் புத்தி பிசகிப் போய், கோயிலில் கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டி விட்டுவிட்டு வந்தார்கள். அங்கேயே செத்தாள். அப்பா மஞ்சள் காமாலையில் போன பிறகும் ஊர் இதை பைத்தியக்கார வூடு என்றுதான் சொன்னது. மகேஷுக்கு வந்த இரண்டு சம்பந்தம் அதில்தான் முறிந்தது.

போன் அடித்தது. மகேஷ் வாங்கிப் பார்த்தான்.

"ரெக்கார்டுன்னு போட்டு வெச்சிருக்கா."

"ரெக்கார்டுன்னா?"

"காலேஜ்ல எழுதறது. பையன் நம்பரை எவ பையன் பேர்ல போட்டு வெப்பா? குடு, நான் பேசறேன்."

"நீ பேசுனா அவன் வெச்சிருவான்" என்று அம்மா பிடுங்கிக் காதில் வைத்தாள். "யாரு?"

மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்பது ப்ரியாவுக்குக் கேட்கவில்லை. அம்மாவின் புருவம் சுருங்கியது.

"கீறா. நீ யாரு?... தெரிஞ்சவன்னா, பேரு இல்லியா ஒனக்கு?... இன்னாது, அவகிட்டயே கேக்கணுமா? தே பாரு, ஒந்தம்பியோ அண்ணனோ, அவன அடக்கி வெய்யி. எங்க வூட்டு ஆம்பளைங்க கடலுக்குப் போறவங்க."

வைத்துவிட்டு மகனைப் பார்த்தாள். "பொம்பளக் கொரல்டா. பேர சொல்ல மாட்டேங்கறா. அவன் அக்காவா இருக்கும். குடும்பமே சேந்துதான் நடத்துது."

ஷ்ரேயா சொல்ல மாட்டாள் என்பது ப்ரியாவுக்குத் தெரியும். ப்ரியா சம்மதிக்காமல் தான் யார் என்பதைக்கூட அவள் சொல்ல மாட்டாள். அதுதான் அவள் தொழில் சுத்தம். அந்தச் சுத்தம் இப்போது கழுத்தை நெரித்தது.

"பேர சொல்லு" என்றான் மகேஷ்.

அவள் சுவரைப் பார்த்தாள். டாக்டர் என்று சொல்லலாம். எதுக்கு டாக்டர் என்பார்கள். தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை, வகுப்பு வாசலில் நின்றால் நெஞ்சு அடைக்கிறது, விடிகிறதே என்று அழுகை வருகிறது. ஏன் என்பார்கள். அதற்குத்தான் அவளிடம் பதில் இல்லை. யாரும் அடிக்கவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. காரணம் இல்லாத சீக்குக்கு இந்த வீட்டில் ஒரே பேர்தான் உண்டு. அந்தப் பேரை வைத்துக்கொண்டு செத்தவள் தேசம்மா அத்தை. ஒரு பையன் என்றால் அது ஒரு காரணம். எல்லோருக்கும் புரியும் காரணம்.

"ராகேஷ்" என்றாள்.

"எந்த ஏரியா?"

"கோடம்பாக்கம்."

"இன்னா பண்றான்?"

"ஷூட்டிங்ல லைட் புடிக்கிறான்."

சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. மகேஷ் செவிட்டில் ஓர் அறை விட்டான். வலிக்கக்கூட இல்லை. அம்மாதான் குறுக்கே வந்தாள்.

"கைய வெக்காத. கேட்டுக்கினு தானே கீறேன்." அம்மா கால் நீட்டி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் முழங்கைச் செதிலை நகத்தால் சுரண்டினாள். பிறகு கேட்டாள். "மீன் துன்றவனா?"

"இன்னாது?"

"மீனு துன்ற ஜனமா, இல்ல மூக்கப் பொத்திக்கினு ஓடற ஜனமான்னு கேக்கறேன்."

"துன்னுவான்."

"குடி?"

"இல்ல."

"ஷூட்டிங்காரன் குடிக்க மாட்டானா. மெய்யாலுமே சொல்றியா, இல்ல அவன் சொன்னத நீ சொல்றியா?"

மகேஷ் கத்தினான். "இன்னாம்மா நீ, மாப்ள பாக்கற மாதிரி கேட்டுக்கினு கீற? வெள்ளிக்கெழம பூ வெக்கறாங்க எனக்கு."

"வெக்கட்டும். பொண்ணு ஆளு வெச்சிருக்கறது எந்த வூட்ல இல்ல? ஒம் மாமியா வூட்ல இல்லியா? அத மறைச்சிரலாம்." அம்மா மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் குறைந்திருந்தது. "இத்தினி நாளா சோறு துன்னாம, எலும்பும் தோலுமா, நடு ராத்திரி கொட்ட கொட்ட முழிச்சிக்கினு கெடந்தியே. நான் இன்னான்னமோ நெனச்சி பயந்துக்கினு கீறேன். ஒங்க அத்தைக்கும் அப்டித்தான்டி ஆரம்பிச்சது. ஒரு பேமானிக்கோசரம் தானா இதெல்லாம்? சனியன், சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே."

அம்மா மூச்சை விட்டாள். பாரத்தைக் கீழே இறக்கி வைத்தவள் விடுகிற மூச்சு அது. ப்ரியாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அம்மா கவனித்திருக்கிறாள். தூங்காததை, தின்னாததை எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இப்போது சந்தோஷமாக இருக்கிறாள்.

"அவன வரச் சொல்லு" என்றாள் அம்மா. "நாளைக்கே. அவங்க வூட்டாளுங்களோட வரட்டும். ஆளப் பாத்து, புடிச்சா மேல பேசலாம். புடிக்கலன்னா இத்தோட வுட்டுரணும். அவன் வராத வரைக்கும் காலேஜ் கெடையாது, போன் கெடையாது. வூட்டுக்கும் கடைக்கும்தான்."

"நாளைக்கு வர முடியாதும்மா."

"ஏன்? வர மாட்டானா? அப்ப அவன் இன்னா ஆம்பள?"

வருவதற்கு ஆள் இல்லை. கல்லூரி போனால் அந்த மேடம் போவாள். போன் போனால் ஷ்ரேயா போவாள். ராகேஷ் வரமாட்டான், நாளை மறுநாளும் வரமாட்டான். ஏமாற்றி விட்டான் என்று அம்மா அவனைத் திட்டுவாள், இவள் அழுவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதென்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். பிறகு ஒரு நாள் நடக்க வேண்டியது நடந்தாலும், காதல் தோல்வி என்று ஊர் பேசி முடித்துவிடும். அத்தனை சுலபமாக வழி திறந்து கிடந்தது.

மறுபடி போன் அடித்தது.

"அவதான்" என்றான் மகேஷ்.

அம்மா போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரைப் போடச் சொன்னாள். "பேசு. எங்க எதுருலயே பேசு. அவன வரச் சொல்லுன்னு அவகிட்ட சொல்லு."

மகேஷ் பொத்தானை அழுத்தினான்.

"ஷண்முகப்ரியா?" ஷ்ரேயாவின் குரல் அந்தச் சின்ன அறையில் பெரிதாகக் கேட்டது. "ரெக்கார்டு எழுதி முடிச்சாச்சா?"

அது அவர்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. முடித்துவிட்டேன் என்றால் தனியாக இருக்கிறாள், பேசலாம். நாளைக்குத் தருகிறேன் என்றால் பக்கத்தில் ஆள் இருக்கிறது, வைத்துவிடலாம். நாளைக்கு என்று சொன்னால் போதும். ரெக்கார்டு ரெக்கார்டாகவே இருக்கும், ராகேஷ் ராகேஷாகவே இருப்பான், வெள்ளிக்கிழமை பூ வைப்பார்கள்.

"பேசுடி" என்றாள் அம்மா.

"மேடம்" என்றாள் ப்ரியா. "படகாண்ட நீங்க ஒண்ணு கேட்டீங்களே."

அம்மா பக்கம் திரும்பாமல் போனைப் பார்த்தே சொன்னாள் ப்ரியா.

"அதுக்கு ஆமா மேடம். தோணுது. தினமும் தோணுது. இப்பக்கூடத் தோணுது."

"சரி" என்றாள் ஷ்ரேயா. குரல் மாறவில்லை, ஆனால் வேகம் குறைந்தது. "சொன்னதுக்குத் தேங்க்ஸ். பக்கத்துல யார் இருக்கா?"

"அம்மா. அண்ணன்."

"நான் யாருன்னு அவங்களுக்குச் சொல்லலாமா? நீ சரின்னாதான்."

"சொல்லுங்க."

அம்மா மகளையும் தரையில் கிடந்த போனையும் மாறி மாறிப் பார்த்தாள். "எதுக்குடி ஆமா? இன்னா தோணுது? வரச் சொல்லுன்னா நீ இன்னாத்தையோ..."

"அம்மா, என் பேர் ஷ்ரேயா. நான் மனநல ஆலோசகர். ப்ரியா காலேஜ்லேர்ந்துதான் எங்கிட்ட அனுப்பினாங்க. அவளுக்கு செத்துப் போயிடணும்னு தோணிண்டே இருக்கு. அதைத்தான் இப்ப சொன்னா."

மகேஷ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். சன்னலையும் சாத்தினான். திரும்பி வந்து எங்கே நிற்பதென்று தெரியாமல் டிவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினான். ஏதோ நகைக்கடை விளம்பரம் அலறியது.

"ராகேஷு?" என்றாள் அம்மா.

"அப்டி யாரும் இல்லம்மா."

"லைட் புடிக்கிறவன்?"

"யாரும் இல்ல."

புஷ்பத்தின் வாய் கோணியது. இந்த வீட்டில் யாரும் அவள் அழுது பார்த்ததில்லை. அப்பா போனபோதுகூட மறுநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனவள். "பையனா இருந்திருக்கக் கூடாதாடி" என்றாள். "எவனோ ஒருத்தன். குடிகாரனாக்கூட இருந்துட்டுப் போறான். எவன் இருந்தாலும் கூட்டிக்கினு வந்திருப்பேனே."

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?" என்றது போன். "இது சரி பண்ண முடியாத விஷயமில்லை. இன்னிக்கே ஒரு டாக்டரைப் பாக்கணும், நான் ஏற்பாடு பண்றேன். ஆனா அதுவரைக்கும் ஒண்ணு செய்யணும்."

"சங்கிலியில கட்ட மாட்டீங்களே" என்றாள் அம்மா.

"என்னது?"

"எங்க வூட்டுக்காரரு தங்கச்சியக் கட்டுனாங்க. பதினெட்டு வயசு. அந்தக் காலு புண்ணு இன்னும் எங் கண்ணுலயே கீது. அப்டி எதுனா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, நான் அனுப்ப மாட்டேன்."

"யாரும் கட்ட மாட்டாங்க. நீங்களும் கூடவே இருங்க. எல்லாம் உங்க கண் முன்னாடிதான் நடக்கும்."

மகேஷ் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "திருவான்மியூருக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்."

அம்மா அவனைத் திரும்பியே பார்க்கவில்லை. "தெரியட்டும். தெரியாம இருக்கட்டும். நீ போயி ஆட்டோ சொல்லு." போனுக்குக் குனிந்தாள். டிவி இரைச்சலில் கேட்பதற்காகக் காதைத் தரையோடு வைத்தாள். "நான் இன்னா பண்ணணும், அத்த சொல்லுங்க."

"அவளை ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க."

புஷ்பம் அறையைச் சுற்றிப் பார்த்தாள். அடுப்பு, வலை மூட்டை, சாத்திய கதவு, அதற்கு அந்தாண்டை சந்திரிகாவின் செருப்புச் சத்தம்.

"தனியா இருக்க எங்கம்மா எடம் கீது இங்க" என்றாள். மகளின் மணிக்கட்டை மறுபடி பிடித்தாள். படகடியில் பிடித்ததைவிட இறுக்கமாக இருந்தது. ப்ரியாவுக்கு வலித்தது. விடச் சொல்லவில்லை.