நீண்டுபோன டீ இடைவேளை

திருமூர்த்தியும் அவர் மகன் அருண்குமாரும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது அமலிக்கு விளங்கவேயில்லை.

அன்னூர்ப் பக்கம் பம்புசெட் கம்பெனி நடத்துகிறவர்கள். அப்பாவும் மகனும் நேருக்கு நேர் பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கம்பெனியை இரண்டாகப் பிரித்துத் திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. அதற்கு முன் ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடட்டும் என்று மருமகள் ரித்திகாதான் அமலியையும் கரோலினையும் அழைத்திருந்தாள். தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களைச் சேர்த்து உட்காரவைத்து, கேள்வி கேட்டு, அவர்களாகவே பேசித் தெளியவைப்பது இந்த இருவரின் தொழில்.

சனி, ஞாயிறு என்று இரண்டு நாள் பயிற்சி. சனிக்கிழமை முழுக்க, ஓட்டல் ஹாலில், மானேஜர்கள் சூழ உட்கார்ந்து அப்பாவும் மகனும் மாற்றி மாற்றிச் சொன்னது ஒன்றுதான்: "எல்லாம் நல்லாத்தானுங்க போய்ட்டிருக்குது."

அமலி கேட்டது பழைய கேள்விதான். எதிரில் இருப்பவரிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது என்ன? அந்தக் காலத்தில் இதே கேள்விக்கு மில் முதலாளிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார்கள்.

சாயங்காலம் தங்கள் ஆர்.எஸ்.புரம் ஆபீசில் அமலியும் கரோலினும் சோர்ந்து உட்கார்ந்தார்கள். நன்றாக ஓடிய மோட்டார் நின்றுபோனால் எது மாறியது என்று பார்ப்போம் அல்லவா, அமலியும் அப்படித்தான் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தாள். கேள்வி மாறவில்லை. நாற்காலிகளை வட்டமாகப் போடுவதும் மாறவில்லை.

"அப்ப நாம வயசுப் புள்ளைங்க. ஐயோ பாவம்னு பேசியிருப்பாங்க," என்றாள் கரோலின்.

"இப்ப பாவமாத் தெரியலையாக்கும்."

"நம்ம பீஸைக் கேட்டபொறகு யாருக்குப் பாவம் வரும்?"

சிரித்ததில் பழைய நாட்கள் வந்துவிட்டன. சர்ச்சுக்குப் பின்னால் இருந்த தகரக் கூரை ஹால். மழை பெய்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அமலி ஸ்கூட்டர் ஓட்ட, கரோலின் பின்னால் சார்ட் சுருள்களைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வருவாள். ஒரு தடவை தடாகம் ரோட்டில் காற்று பிடுங்கிக்கொண்டு போக, லாரிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி இறங்கிப் பொறுக்கிக் கொடுத்தார்.

அந்த ஹாலில் தனக்குப் பிடிக்காத ஒன்றே ஒன்று டீ இடைவேளைதான் என்றாள் கரோலின். பத்து நிமிடம் என்று சொல்லி அனுப்பினால் அரை மணி ஆனாலும் ஒருவரும் திரும்ப மாட்டார்கள். மணியடித்து மணியடித்துக் கை ஓய்ந்துபோகும். ஹாலில் இருந்தவை எவர்சில்வர் டம்ளர்கள். குடித்தவர்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். பின்கட்டில் இருந்ததோ ஒரே குழாய், அதிலும் தண்ணீர் நூலாகத்தான் வரும். கடைசியில் ஈரக் கையோடு, ஆரம்பித்த பேச்சை முடிக்காமலே உள்ளே வருவார்கள்.

அமலி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்ன சொன்னே? பேசிக்கிட்டேதானே வருவாங்க?"

ஆமாம், பேசிக்கொண்டேதான் வருவார்கள். ஏற்கெனவே பேசத் தொடங்கிவிட்டவர்களை உட்காரவைத்துத்தான் இவர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். கையில் நாலு காசு வந்து ஓட்டல் ஹாலுக்கு மாறியதும் முதல் வேலையாக அந்தத் தொல்லையை ஒழித்தார்கள். பேப்பர் கப், உட்கார்ந்த இடத்துக்கே டீ, பத்தே நிமிடம். அதை முன்னேற்றம் என்று இத்தனை நாள் நம்பியும் இருந்தார்கள்.

ஞாயிறன்று கரோலின் வீட்டு டம்ளர்களைக் கூடையில் கொண்டுவந்தாள். ஹாலுக்குப் பின்னால் செடிகளுக்குத் தண்ணீர் விடும் குழாய் ஒன்று இருந்தது. அவரவர் டம்ளரை அவரவரே கழுவி வைத்துவிட வேண்டும் என்று அமலி எல்லோரிடமும் கேட்டுக்கொண்டாள். பீஸும் வாங்கிக்கொண்டு பாத்திரமும் கழுவவிடுகிறோம் என்று கரோலின் முணுமுணுத்தாள்.

வரிசை நகர்ந்தது. திருமூர்த்தி குழாயடியில் குனிந்தபோது அடுத்து நின்றது அருண்குமார்.

டம்ளரைத் தேய்த்தபடியே அவர் கேட்டார்: "அந்தப் புது மிசினுக்கு எங்கிட்டக் கேக்காம ஏம்ப்பா ஆர்டர் போட்டே?"

"கேட்டா வேண்டாம்பீங்க."

"வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். ரண்டு நாள் கழிச்சுச் செரின்னிருப்பேன். ஒங்கம்மாளக் கட்றதுக்கே அப்பிடித்தானே சொன்னேன்."

அருண்குமார் சிரித்துவிட்டான். பிறகு அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டான். "குடுங்கப்பா, நாங் கழுவறேன்."

பின்னால் நின்ற மானேஜர்கள் தங்களுக்குள் வேறு ஏதோ பேசத் தொடங்கினார்கள். கரோலின் பழக்கதோஷத்தில் மணியை எடுத்தாள். அமலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவும் மகனும் திரும்பி வந்தபோது, திங்கட்கிழமைக் கையெழுத்து இப்போதைக்கு வேண்டாம் என்று திருமூர்த்தியே சொன்னார்.

காரில் போகும்போது அமலி கரோலினுக்கு விளக்கினாள். எதிரெதிரே உட்காரவைத்தால் மரியாதை வந்து வாயை அடைத்துவிடுகிறது. குழாயடியில் கண் தண்ணீரைப் பார்க்கிறது, கைக்கு வேலை இருக்கிறது, ஆள் பக்கத்தில் நிற்கிறார், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால் இனி முதலில் டீ, பிறகுதான் கேள்வி. பேப்பர் கப் கிடையாது, குழாய் ஒன்றே ஒன்று, மணி அடிப்பதில்லை.