நாராயணப்பனின் வலது இன்ஜின்

ஓசூர்த் தாலுகாவின் கடற்படை வரலாறு 1954ஆம் ஆண்டு மாசி மாதம் தொடங்குகிறது. அந்தக் கடற்படையில் இருந்தது ஒரே ஒரு படகு. அது நாராயணப்பனின் தோட்டத்தில், கிணற்றுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவில், ஆறு கருங்கல் தூண்களின்மேல் நின்றது. மிக அருகிலிருந்த கடலுக்கு நூற்றெண்பது மைல்.

கிருஷ்ணகிரியில் அணை கட்டப்போகிறார்கள், அந்தத் தண்ணீர் தம் தோட்டத்து வேலிவரை வந்து நிற்கும் என்று நம்பி, சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் சென்னையில் அந்த உல்லாசப் படகை அவர் வாங்கி லாரியில் கொண்டுவந்தார். அணை வேலை தொடங்கியது. ஆனால் ஓசூர் மேட்டிலும் கிருஷ்ணகிரி பள்ளத்திலும் இருப்பதை யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அவர் அதைப் படகு என்று சொல்ல யாரையும் விடவில்லை. கப்பல் என்றுதான் சொல்ல வேண்டும். பஞ்சாயத்துத் தேர்தல் வர இருந்தது. கப்பல் வைத்திருப்பவருக்கு எதிராக நிற்க இன்னும் ஒருவரும் முன்வரவில்லை.

கப்பலில் இரண்டு டீசல் இன்ஜின்கள் இருந்தன. அவற்றில் ஒன்றை விற்க மனம் இசைந்து, ஜவளகிரி மங்கம்மாவுக்குக் கடிதம் எழுதினார்: “வலதுபக்க இன்ஜின் இங்கு வந்த நாள்முதல் பத்துத் தடவைகூட ஓடியதில்லை. என் வாக்கு.”

மங்கம்மாவுக்குக் கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. மாடு கட்டி இறைத்தால் பாதி வயலுக்குமேல் பாயவில்லை. அவள் ஊரில் மெக்கானிக் கிடையாது. விடியற்காலைக் குளிரில் தானே சுற்றிக் கிளப்ப முடிகிற இன்ஜின்தான் அவளுக்கு வேண்டும். 1955 மார்கழியில் ஒரு நாள், சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே வந்து இறங்கினாள். துணைக்கு மூக்கண்டப்பள்ளித் திம்மராயனைக் கூட்டிவந்திருந்தாள். யுத்த காலத்தில் தான் கப்பலில் வேலை பார்த்ததாக அவன் சொல்வான். எந்தக் கப்பல் என்று கேட்டால், அது ராணுவ ரகசியம் என்பான்.

திம்மராயன் படகுக்குள் இறங்கி, ஆயிலை விரலால் தொட்டான், முகர்ந்தான், நாக்கிலும் வைத்தான். கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றான்.

“சுத்தமான ஆயிலு. உள்ள பிஸ்டனு ராஜா மாதிரி உக்காந்துக்கினு இருக்குது.”

“பாத்தியா மங்கம்மா? தெரிஞ்சவன் வாயால கேட்டுக்கோ” என்றார் நாராயணப்பன்.

மங்கம்மா குனிந்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் இன்ஜின்மேல் புறங்கையை வைத்தாள்.

“ஏங்கண்ணா, சூடா இருக்குதே?”

“வெயிலு.”

வெளியே பனி இன்னும் விலகவில்லை. எதிரிலிருந்த மாட்டுக்கொட்டகைகூடத் தெரியவில்லை.

திம்மராயன் அவர் உதவிக்கு வந்தான். “அக்கா, இது கடல் இரும்பு. கடல்ல பட்ட சூட்டை உள்ளயே பிடிச்சு வச்சிருக்கும்.”

மங்கம்மா இடதுபக்க இன்ஜினைத் தொட்டாள். ஐஸாக இருந்தது. “அப்ப இது எந்தக் கடல்ல ஓடிச்சு?”

“அது ராணுவ ரகசியம்க்கா” என்றான் திம்மராயன்.

“அஞ்செட்டியில எங்க தங்கச்சி வூட்டுக்காரரு இப்படிச் சூடா இருந்ததைத்தான் வாங்கியாந்தாரு. அங்க ஒரே சுத்துல கிளம்பிச்சு. வூட்டாண்ட வந்து ஆறிச்சு, அதோட சரி. இப்ப அதுமேல கோழி அடையுது. நான் வர்றதுக்கு முன்னாடி ஓட்டிச் சூடாக்கி வச்சிருக்கீங்க.”

“என்னைப் பாத்தா இப்படிப் பேசறே? என் வாக்குக்கு…”

“வாக்கு இருக்கட்டும்ணா. இது ஆறட்டும். நான் உக்காந்துக்கறேன்.”

உட்கார்ந்தாள். பித்தளைக் கைப்பிடி போட்ட, ஒரு காலத்தில் துரைசாணி சாய்ந்திருந்த பெஞ்சில், கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டாள்.

நாராயணப்பன் ஆள்காரன் சென்றாயனிடம் காபி கொடுத்தனுப்பினார். குடித்தாள். பஸ் போய்விடும் என்றார். சாயந்திர பஸ் இருக்கிறது என்றாள். பனியில் இரும்பு கெட்டுவிடும் என்று சொல்லி, இன்ஜின்மேல் போர்த்த நாலு கோணிப்பை கொண்டுவரச் சொன்னார். சென்றாயன் கொண்டுவந்த கோணிகளை அவள் வாங்கி, தனக்கு அடியில் போட்டுக்கொண்டாள். நடுவில் களி உருண்டையை அவிழ்த்துச் சாப்பிட்டாள். அரைமணிக்கு ஒருதரம் புறங்கையை வைத்துப் பார்த்தாள். திம்மராயன் எட்டு மணிக்கு ராஜாவாக இருந்த பிஸ்டனைப் பன்னிரண்டு மணிக்குச் சந்தேகிக்கத் தொடங்கி, இரண்டு மணிக்கு, “நான் அப்பவே நெனச்சேன்” என்றான்.

மூன்று மணிக்கு இரண்டு இன்ஜின்களும் ஒரே அளவு ஜில்லென்று ஆயின. மங்கம்மா எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டு, வலது இன்ஜினில் கைப்பிடியை மாட்டிச் சுற்றினாள்.

முதல் சுற்றிலேயே கிளம்பியது. வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து, உடனே தெளிந்தது. தடதடவென்று, பிசகில்லாமல் ஓடியது.

“இப்ப என்ன சொல்றே?” என்று நாராயணப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். அன்று காலையிலிருந்து அதை நிமிர்த்த அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

மங்கம்மா இன்ஜினை நிறுத்தினாள். “நல்ல இன்ஜினுதாண்ணா. அதுதான் சந்தேகமா இருக்குது.”

“என்னாது?”

“ரெண்டு வருஷத்துல பத்துத் தடவைகூட ஓடாத இன்ஜினு இப்படியா கிளம்பும்? இது பழகின மாடு மாதிரி எழுந்து நிக்குது. தினம் ஓடியிருக்குது. எத்தினி மணி நேரம் ஓடிச்சோ, உள்ள எவ்வளவு தேஞ்சுதோ? எதுக்கு ஓட்டினீங்க?”

நாராயணப்பன் திம்மராயனைப் பார்த்தார். திம்மராயன் படகின் கூரையைப் பார்த்தான்.

“நெசத்தைச் சொன்னா எடுத்துக்கறேன். சொல்லலேன்னா, பொய் வாக்குக் கொடுத்தாருன்னு தளிச் சந்தையில சொல்லிட்டுத்தான் ஊருக்குப் போவேன்.”

நாராயணப்பன் யோசித்தார். வாக்குத் தவறியவர்கள் தேர்தலில் ஜெயித்ததை அவர் பார்த்திருக்கிறார். அந்தப் பெயரோடு நிமிர்ந்து நடக்கலாம். ஆனால் உண்மை வெளியே போனால், இனி யாராவது தம்மைப் பார்த்துக் கப்பல் என்று சொல்லும்போது என்ன முகபாவம் வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பொய்யனாகவே இருந்துவிடுவதென்று தீர்மானித்தார்.

“ஒரு கப்பல்காரன் தன் இன்ஜினை எதுக்கு வேணா ஓட்டுவான்” என்றார் கம்பீரமாக.

மங்கம்மா கோணிகளை உதறி மடித்துச் சென்றாயனிடம் கொடுத்தாள். “நீ சொல்லுப்பா. இந்த இன்ஜினை எதுக்கு ஓட்டறாரு?”

சென்றாயன் முதலாளியைப் பார்த்தான். அவர் கண்ணால் ஏதோ காட்டினார். சொல்லிவிடு என்கிறார் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

“கிணத்துத் தண்ணிய ஓசு பைப்பு போட்டு இந்தப் பக்கமா உடுவோங்கம்மா. இன்ஜினைச் சுத்திட்டு அந்தப் பக்கம் சூடா வரும். அய்யா அங்க மணை போட்டு உக்காந்துக்குவாரு.”

இரண்டு வருஷமாக நாராயணப்பனின் கப்பல் அவர் குளிக்க வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தது. மற்ற நாட்களில் அரைமணி நேரம் ஓடும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், ஒன்றரை மணி.