கேப்டன் எந்தப் பக்கத்து ஆள்

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: பெரியக்கா, நடுத்தம்பி, அவன் மனைவி, வரன் பார்த்துக்கொண்டிருக்கும் அவர்களுடைய மகள், அந்த மனைவியின் அண்ணனான வீட்டுத் தரகர், சின்னத்தம்பி வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனியிலிருந்து மேற்பார்வையாளரும் இரண்டு மெக்கானிக்குகளும், மேல்மாடித் தையல்காரர். படிக்கட்டில் நின்று எட்டிப் பார்த்தவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. சவப்பெட்டிக்குள் சின்னத்தம்பி. யார் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று பின்னால் ஆளுக்கொரு கதை கட்டியதால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அழைக்காமல் வந்தவர்கள் மூன்று பேர். அவர்கள் உள்ளே வந்தபோது பெரியக்கா சின்னத்தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சட்டை அவளே தேய்த்தது. மடிப்புக் கலையாமல் வேலைக்குப் போனவன் மடிப்புக் கலையாமல்தான் போகவேண்டும்.

முன்னால் வந்தவள் இளம்பெண், தோளில் பயணப்பை. அவளுக்குப் பின்னால் அடர்ந்த மீசைக்காரன் ஒருவன், லாரிச் சாவியைக் கையிலேயே பிடித்திருந்தான். கடைசியாக, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு அம்மாள். இளம்பெண் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து முகத்தைப் பார்த்தாள். நெற்றி, மூக்கு, தாடை என்று ஒவ்வொன்றாக, அதுவரை பார்த்தேயிராதவள் போலப் பார்த்தாள். பிறகு, “அப்பா” என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. கூடம் அமைதியாக இருந்ததால் படிக்கட்டு வரை கேட்டது.

சின்னத்தம்பி கல்யாணம் செய்துகொள்ளாதவன். அவன் பேச ஆரம்பித்தால் முதல் எழுத்திலேயே வாய் மாட்டிக்கொள்ளும். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் என்று அவனே தன் வாயைக் காட்டிச் சைகையில் கேலி செய்வான். கம்பெனியில் அவனுக்குப் பெயரே சைகைதான். லிஃப்ட் குழிக்குள் இறங்கி, மேலே நிற்பவனுக்கு விரலாலேயே வேலை சொல்வான். பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் தன் வயதைச் சொல்லவே அவன் திணறியபோது அங்கே யாரோ சிரித்தார்கள். பெரியக்கா காபியைக் குடிக்காமல் எழுந்து அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு மகள்.

தையல்காரர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். நடுத்தம்பியின் மனைவி தன் மகளை உள் அறைக்குப் போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். மகள் அசையவில்லை. தரகர் மட்டும் பெரியக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். வாடகைக்கு வீடு காட்டும்போது ஒழுகும் சுவரை எப்படி மறைப்பது என்று அறிந்தவர் அவர்.

“அக்கா, பின்பக்கமா அனுப்பிடலாம். கம்பெனி ஆளுங்க, துக்கத்துல ஏதோ உளறிட்டாங்கன்னு சொல்லிக்கலாம். பொண்ணுக்கு வரன் பேசுற நேரம். மாப்பிள்ளை வீட்டுக் காதுக்குப் போச்சுன்னா முடிஞ்சுது.”

“என் வீட்டுக்கு வந்தவங்களை எந்த வாசல் வழியா அனுப்பறதுன்னு நான் முடிவு... செய்யறேன்.”

பெரியக்கா பேசுவது அப்படித்தான். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவள். அரை மயக்கத்தில் கிடக்கிறவனுக்கும் புரியவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லையும் முழுசாகச் சொல்வாள். கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்துவாள். பிறகு அதை மேஜைமேல் பாத்திரம் வைப்பதுபோல வைப்பாள். ஊரில் இல்லாத பேச்சு என்று நடுத்தம்பி சின்ன வயதிலிருந்தே கிண்டல் செய்வான், அவள் இல்லாதபோது.

அவள் பேசியதும் வந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியக்கா அதைக் கவனித்தாள். பிடிக்கவில்லை.

“நீங்க மூணு பேரும் உள்ளே வாங்க” என்றாள்.

அவர்களைச் சின்னத்தம்பியின் அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். கட்டில், கம்ப்யூட்டர் மேஜை, நாற்காலி, மூலையில் பளபளவென்று துடைத்து வைத்த ஸ்பானர் பெட்டி. கதவுக்கு அடியில் அடைக்கும் துண்டு மடித்து ஓரமாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவன் அந்தத் துண்டால் இடுக்கை அடைத்துக்கொண்டு காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருப்பான். உள்ளே யாரிடமோ பேசுகிறான், சிரிக்கிறான் என்று நடுத்தம்பியின் மனைவி ஒருமுறை வந்து சொன்னாள். அவன் பேசுகிறான் என்பதைப் பெரியக்கா நம்பவில்லை. கதவில் காது வைப்பது இந்தக் குடும்பத்தில் வழக்கமும் இல்லை.

முந்தாநாள் மாலை அவள் டீ கொண்டுவந்தபோது அவன் அந்த நாற்காலியில் சாய்ந்திருந்தான். அவள் நாடி பிடித்துப் பார்த்தாள். ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றினாள், கம்ப்யூட்டரை அணைத்தாள், ஹெட்போனைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அதற்குப் பிறகுதான் நடுத்தம்பியைக் கூப்பிட்டாள். நாடி பிடித்ததற்கும் ஹெட்போனைக் கழற்றியதற்கும் நடுவில் நடந்தது எதுவும் யாருக்கும் தெரியாது என்று இந்த நிமிஷம் வரை நம்பிக்கொண்டிருந்தாள்.

யார் நீங்கள் என்று கேட்டாள்.

மீசைக்காரன்தான் தொண்டையைச் செருமினான். “நாங்க எல்லாம் ஒரே கப்பல்லம்மா.”

சின்னத்தம்பி கப்பலில் கால் வைத்தவனில்லை. குளத்தில் இறங்கவே பயப்படுவான். அதை அவள் சொன்னதும் நரைமுடி அம்மாள் நிதானமாக விளக்கினார். வாரா வாரம் நாலு பேர் கம்ப்யூட்டரில் கூடி ஒரு கதைக்குள் போய்விடுவார்களாம். எழுதி வைத்த கதை இல்லை. ஆளுக்கொரு வேஷம், ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் வாயாலேயே தொடரவேண்டும். கரை தெரியாமல் அலையும் ஒரு சரக்குக் கப்பல். அதற்குச் சின்னத்தம்பி கேப்டன். பெண்சாதி இல்லாதவர். பிள்ளைகளைக் கப்பலிலேயே வைத்து வளர்க்கிறவர். அந்தப் பெண் மூத்த மகள், மீசைக்காரன் மகன்.

“நீங்க?” என்றாள் பெரியக்கா.

“நான் கடைக்குட்டி” என்றார் அம்மாள். “எட்டு வயசு. ரொம்பச் சேட்டை.”

பெரியக்கா சிரிக்கவில்லை. ஆனால் அவரை உட்காரச் சொன்னாள்.

இளம்பெண் அப்போதுதான் வாய் திறந்தாள். வேண்டுமென்று அப்படிக் கூப்பிடவில்லை என்றாள். மூன்று வருஷமாக வேறெப்படியும் கூப்பிட்டதில்லை, அவருடைய உண்மைப் பெயரே இன்று வாசலில் ஒட்டியிருந்த தாளில்தான் தெரிந்தது. கம்பெனிப் பெயரை அவர் எப்போதோ சொல்லியிருந்ததால், முந்தாநாள் யார் வீட்டில் சாவு என்று அங்கே விசாரித்துத்தான் வந்தார்கள். முகத்தைப் பார்த்ததும் பழக்கத்தில் வந்துவிட்டது. அவள் கடலோரத்துக்காரி. ஒவ்வொரு வாக்கியமும் கடைசியில் மேலே ஏறியது. மன்னிப்புக் கேட்பதுகூடக் கேள்வி கேட்பதுபோல இருந்தது.

“அவன் எப்படிப் பேசுவான்? அவனுக்குப் பேச... வராது.”

மூவரும் விழித்தார்கள். பேச வராது என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி. கேப்டன் வாயைத் திறந்தால் புயலே கொஞ்சம் தள்ளி நிற்கும் என்றான் மீசைக்காரன். ஒரு சொல் தடுக்கியதில்லை. முதல் மாதம் முழுக்க ஒருத்தரை ஒருத்தர் எந்தப் பக்கம், என்ன வேலை, வீட்டில் யார் யார் என்று கேட்டுக்கொண்டே போனதாம். மீசைக்காரன் மலையடிவாரத்து ஆள், பாதிச் சொல்லை விழுங்கிவிடுவான். மீதியை லாரிச் சத்தம் விழுங்கிவிடும் என்று இவர்கள் கேலி செய்வார்கள். கடைக்குட்டி பிறந்து வளர்ந்ததெல்லாம் அயல்நாட்டில். தன்னைப் பெற்ற அப்பாவிடம் மட்டும் கற்ற தமிழ், அறுபது வருஷம் பழையது. அந்த அம்மாள் ‘ஆகட்டும்’ என்று சொன்னாலே மற்றவர்கள் எழுந்து நின்று வணக்கம் வைப்பார்களாம். கேப்டனின் பேச்சு மட்டும் பிடிபடவில்லை. கடலோரம் இல்லை, மலை இல்லை, சமவெளியும் இல்லை. எந்தப் பக்கம் என்று கேட்டால், கண்டுபிடியுங்கள் என்பார். மூன்று வருஷமாகப் பந்தயம் போய்க்கொண்டிருந்தது.

“முந்தாநாளு கண்டுபிடிச்சிட்டோம்” என்றான் மீசைக்காரன். சொன்ன பிறகு, சொல்லியிருக்கக்கூடாது என்பதுபோலச் சாவியைப் பார்த்தான்.

“எப்படி?”

அம்மாள்தான் மெதுவாகச் சொன்னார். “மைக் திறந்தே இருந்ததம்மா. ஒரு பெண் குரல் கேட்டது. அதே பேச்சு. அதே மாதிரி, கடைசிச் சொல்லுக்கு முன்னால நிறுத்தி.”

பெரியக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே வேன்காரர் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா செத்தபோதும் அம்மா செத்தபோதும் அவள் யார் எதிரிலும் கண்ணைத் துடைத்துக்கொண்டவளில்லை. முந்தாநாளிலிருந்து இந்தக் கூடத்தில் எத்தனையோ பேர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பார்த்து ஏமாந்துகொண்டிருக்கிறார்கள்.

“எவ்வளவு கேட்டது?”

“ஒண்ணும் பெரிசா இல்லம்மா” என்றான் மீசைக்காரன். “எந்திரின்னு சொன்னீங்க. அவ்வளவுதான். அப்புறம் லைன் போயிருச்சு.”

அவன் பொய் சொன்னான். அது பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. முகம் மாறாமல் சொன்னதில் அவன்மேல் அவளுக்கு ஒரு மரியாதை வந்தது.

வந்த காரியத்தை அதற்குப் பிறகுதான் சொன்னார்கள். அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவருடைய வேஷத்தை இன்னொருவர் பேசக்கூடாது, கொல்லக்கூடாது, வழியனுப்பவும் கூடாது. முந்தாநாள் கதை கேப்டனின் முறையில் நின்றுவிட்டது. புயலுக்கு நடுவே சுக்கான் அவர் கையில் இருக்கிறது. அவர் இல்லாதபோது அவர் முறையை அவர் வீட்டு ஆள் ஒருவர்தான் சொல்லவேண்டும்.

“அவரு அங்கயும் சாகணுமா, இல்ல போகணுமா?” என்றாள் இளம்பெண். “நீங்க சொல்றதுதான்.”

கதவு தட்டப்பட்டது. தரகர் தலையை நீட்டி, வேன் காத்திருக்கிறது, எல்லாரும் ஒரு மாதிரி பேசிக்கொள்கிறார்கள், சீக்கிரம் முடித்து அனுப்புங்கள் அக்கா என்றார். பெரியக்கா அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை, தாழ்ப்பாளையும் நிதானமாகப் போட்டாள்.

பிறகு நாற்காலியின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“செத்தது ஒரு தடவை போதும். கப்பலைக் கரைக்குக் கொண்டுவரச் சொல்லு. சரக்கை இறக்கி, கணக்கை ஒப்படைச்சு, படியில இறங்கி அவன் பாட்டுக்கு நடந்து போகட்டும். யார்கிட்டயும் எதையும் விளக்கிச் சொல்லத் தேவை... இல்லை.”

“சரி கேப்டன்” என்றான் மீசைக்காரன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இளம்பெண் போனை எடுத்தாள். அதில் அவர் குரல் இருக்கிறது, கேட்கிறீர்களா என்றாள். பெரியக்கா நீட்டிய போனைப் பார்த்தாள். “இப்போ வேண்டாம்” என்றாள்.

பின்பக்கமாக அனுப்பாமல் அவர்களைக் கூடத்துக்கே அழைத்து வந்தாள். தரகர் உட்கார்ந்திருந்த முன்வரிசை நாற்காலிகளைக் காட்டி, கொஞ்சம் எழுந்துகொள்ளுங்கள் என்றாள். அவர் எழுந்தார். முந்தாநாள் வரை அவள் சொல்லி எழாதவர் யாருமில்லை. மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

“அக்கா, இவங்க யாருன்னு கேட்டா என்ன சொல்றது?” நடுத்தம்பி அவள் காதில் கேட்டான். அவன் கேட்டது ஊருக்காக இல்லை. தனக்காகத்தான்.

“தம்பியைப் பார்க்க வந்தவங்க. அவன் பெட்டியைத் தூக்குவாங்க.”

அந்த நேரத்தில்தான் இளம்பெண் தண்ணீர் கேட்டாள். “அத்தை, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” அப்பாவின் அக்கா அத்தைதானே. வாயிலிருந்து வந்துவிட்டது. தையல்காரர் மறுபடியும் செருப்பைப் பார்த்தார். நடுத்தம்பியின் மனைவி பெரியக்காவைப் பார்த்தாள், இப்போதாவது மறுத்துச் சொல்லுங்கள் என்பதுபோல.

பெரியக்கா தன் கையாலேயே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். “குடிச்சிட்டு வா. தலைமாட்டுப் பக்கம் நீ பிடி” என்றாள்.

தலைமாட்டில் ஒரு பக்கம் அந்தப் பெண், மறுபக்கம் நடுத்தம்பி. கால்மாட்டில் மீசைக்காரனும் மேற்பார்வையாளரும். பெட்டி லிஃப்டுக்குள் நுழையாது என்பதால் படிக்கட்டில்தான் இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் மெக்கானிக் ஒருவன் முன்னால் போய்ப் பேசாமல் விரலைக் காட்டினான்: கொஞ்சம் தூக்கு, சாய்க்காதே, நில், வா. நரைமுடி அம்மாள் கடைசியாக, பெரியக்காவுக்குப் பக்கத்தில் இறங்கினார். முழங்கால் வலிக்கிறது போலிருந்தது. பெரியக்கா கையைக் கொடுத்தாள்.

“ரொம்ப உபகாரம், அத்தை” என்றார் கடைக்குட்டி.

எட்டிப் பார்த்தவர்களுக்கு அதற்குமேல் என்ன வேண்டும். வேன் கிளம்புவதற்குள் கதை தெருமுனையைத் தாண்டிவிட்டது.

சில வாரங்கள் கழித்து மாப்பிள்ளையின் அம்மா வந்தார். தரகர் கூடவே வந்து, சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார். ஜாதகம், படிப்பு, வேலை எல்லாம் பேசி முடித்த பிறகு அந்த அம்மாள் டீயைக் கீழே வைத்தார். தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது, நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள் என்று ஆரம்பித்தார். நடுத்தம்பியின் மனைவி புடவைத் தலைப்பை விரலில் சுற்ற ஆரம்பித்தாள். பெரியக்காவின் பின்னால் சின்னத்தம்பியின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. மேஜைமேல் ஹெட்போன், வயர் ஒழுங்காகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. கதவடியில் அடைக்கும் துண்டு அங்கே இல்லை.

“உங்க கடைசித் தம்பிக்கு வெளியில ஒரு மக இருந்தாளாமே?”

பெரியக்கா முதுகை நாற்காலியில் சாய்க்கவில்லை.

“தவறு. ரெண்டு மகள், ஒரு மகன். கடைக்குட்டிக்கு அறுபத்திரண்டு... வயசு.”