மலைத் தண்ணீர்

கண்ணகி வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் மீன் ஒன்றுகூட இல்லை. கல்யாணத்துக்கு பஸ் முதலாளி கொடுத்த தொட்டி அது. மீன்களெல்லாம் ஒவ்வொன்றாக மல்லாந்துபோன பிறகு, பாசிச்செடியில் ஒட்டிக்கொண்டு வந்த இரண்டு நத்தைகள் மட்டும் மிஞ்சின. கணவன் கொளஞ்சியப்பன் வெள்ளிமலை பஸ்ஸில் கண்டக்டர். அவன் கிளம்பிவிட்டால் கள்ளக்குறிச்சிக்குப் புதிதாக வந்தவளுக்குப் பகல் முழுக்கப் பேச்சுத்துணை அந்த நத்தைகள்தான். பெரியவன், சின்னவன் என்று கூப்பிடுவாள். கொம்பை நீட்டும். கூப்பிட்டதற்காகத்தான் நீட்டுகின்றன என்று வைத்துக்கொண்டாள்.

கவனிப்பில் ஒரு குறையும் இல்லை. தெரு அடிபம்பில் வருவது உப்புத் தண்ணீர். குடத்துக்குள் வெள்ளையாகப் படிந்து, சுரண்டினால் பாளம் பாளமாக வரும். வாயில்லாத பிராணிக்கு அதை ஊற்ற மனசு வருமா? கொளஞ்சியப்பன் நடைக்கு ஒரு கேன் மலை ஓடைத் தண்ணீர் பிடித்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துக் கொண்டுவந்தான். பன்னீர் மாதிரித் தண்ணீர். ஆனால் நத்தைகளின் ஓடு வெளிறிக்கொண்டே போனது. உச்சியில் சொத்தைப் பல் போலக் குழி விழுந்தது. சின்னவனின் ஓட்டு விளிம்பு தொட்டால் அப்பளமாக நொறுங்கியது.

எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த பாவாடை என்பவன் அதை வந்து பார்த்தான்.

“தங்கச்சி, சாவறதுக்குள்ள என்கிட்ட குடுத்துடு. மொளகு போட்டு வறுத்துத் தின்னா என் மூலத்துக்கு நல்லது.”

“உங்க மூலத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணா.”

“ஓடு போச்சின்னா நத்த பொழைக்காதும்மா. சும்மா தூக்கிக் கொட்டிடாத, சொல்லிட்டேன்.”

அவன் சிரித்துக்கொண்டு போய்விட்டான். கண்ணகிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் புரட்டாசியில்தான் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டார்கள். பஸ் மலைமேலேயே நின்றது, கொளஞ்சியப்பனும்தான். அவன் நன்றாக இருக்கிறான் என்று நடந்தே இறங்கி வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கவலை தீர்ந்ததும் தொட்டிக் கவலை வந்தது. கேன் காலி. பழைய தண்ணீர் கலங்கி வாடை அடித்தது.

வேறு வழியில்லாமல் அடிபம்புத் தண்ணீரையே மாற்றி ஊற்றினாள். “கோச்சிக்காதீங்கடா” என்றாள்.

இரண்டும் ஓட்டு வாயின் மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டு அடியில் கிடந்தன. மறுநாளும் அப்படியே. பாவாடை எட்டிப் பார்த்தான்.

“இன்னா தங்கச்சி, முடிஞ்சிதா? மொளகு இடிச்சாச்சி.”

“தூங்கினு இருக்குதுங்க.”

“தூங்கட்டும், தூங்கட்டும். சட்டி காயறதுக்கும் நேரம் ஆவும்.”

அதற்கடுத்த காலையில் சின்னவன் கண்ணாடியில் ஏறியிருந்தான். தண்ணீர் வற்றி வெள்ளைக்கோடு படிந்திருந்த இடத்தில் வாயை வைத்து, அரம் போடுவதுபோல அரைத்துக்கொண்டிருந்தான். கண்ணகி வெகுநேரம் பார்த்தாள். பிறகு குடத்தில் படிந்திருந்ததை ஒரு பாளம் சுரண்டித் தொட்டிக்குள் போட்டாள். பெரியவனும் மூடியைத் திறந்துகொண்டு வந்து அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டான். விருந்துக்கு வந்தவன் இலையை விட்டு எழாத மாதிரி, பொழுது சாயும்வரை இறங்கவே இல்லை.

ஒரு வாரம் கழித்து ரோடு திறந்து பஸ் ஓடத் தொடங்கிய அன்று, கொளஞ்சியப்பன் தாடியும் அழுக்குச் சட்டையுமாக வந்தான். இரண்டு கையிலும் கேன்.

“உசுரோட இருக்குதா? இந்தா, மொதல்ல தண்ணிய மாத்து.”

“மொதல்ல இத்தப் பாருங்க.” சின்னவனை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

நொறுங்கிய விளிம்பை ஒட்டிப் புது ஓடு வளர்ந்திருந்தது. நகக்கீற்று அகலம்தான். கரும்பழுப்பாக, வழவழப்பாக இருந்தது. அவன் விரலால் அழுத்திப் பார்த்தான். நொறுங்கவில்லை.

“இன்னாத்த ஊத்துன?”

“அடிபம்புத் தண்ணி.”

“அந்த உப்பா?”

“அதுல இருக்கற சுண்ணாம்புதாங்க ஓடு கட்டுது. ஓடைத் தண்ணியில அது இல்ல போல. பாவம், இத்தினி நாளா பட்டினி போட்டுட்டோம்.”

கொளஞ்சியப்பன் நத்தையைப் பார்த்தான், கேனைப் பார்த்தான். “அப்ப வெள்ளிமலையிலர்ந்து இத்தத் தூக்கினு வந்தேனே, இத்த இன்னா பண்றது?”

“நீங்க குளிங்க. உங்களுக்குத்தான் ஓடு இல்லயே” என்று கண்ணகி சோப்பை எடுத்து நீட்டினாள்.