பிறந்த வீட்டுக் கோடி

"யாருப்பா இது?" பாக்கியம் போட்டோவை அப்பாசாமியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். விடிந்ததிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"பா கொனே," என்றார் அப்பா. தெரியாது என்பதைத் தீவின் கிரியோல் பாஷையில் சொல்லிவிட்டால் அதற்குமேல் அவரிடம் பேச்சில்லை.

கூடத்தில் அம்மா பூங்காவனத்தைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். போட்டோ அம்மாவின் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் கிடந்தது. நாற்காலியில் கல்யாணப் பெண்ணாக அம்மா. ஒரு பக்கம் கோட்டுப் போட்ட அப்பா. மறுபக்கம் ஒரு ஆள், நாற்காலி முதுகில் கை வைத்து, வீட்டு மனுஷனாட்டம் நிற்கிறான்.

"பொறந்த வீட்டுக் கோடி எங்கம்மா? போத்தணுமில்ல?" என்றாள் ஒருத்தி.

"கப்பல்ல ஒத்தையா வந்தவளுக்கு ஏதுடி பொறந்த வீடு? அப்படியே எடுக்கச் சொல்லு," என்றாள் இன்னொருத்தி.

பாக்கியத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா என்ன அநாதையா? அண்ணன் தம்பி என்று ஒருத்தன் ஒரு புதுச்சேலை கொண்டுவந்து போர்த்தினால் போதுமே. போட்டோவில் நிற்கிற இந்த ஆள் அப்படி ஒருத்தனாக இருந்தால்?

அடுப்படியில் அத்தையைப் பிடித்தாள். அத்தை போட்டோவைப் பார்க்கக்கூட இல்லை.

"போட்டோக்காரனோட ஆளா இருக்கும்."

"அவன் எதுக்கு அம்மா நாற்காலியில கை வைக்கிறான்?"

"உங்கப்பனைப் போய்க் கேளு."

நல்ல வீடு! வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா இவர்களுக்கு?

மலைமேல் மழை இறங்கிவிட்டது. தூக்குகிறவர்கள் அவசரப்படுத்தினார்கள். அப்பா மாட்டுக்கொட்டகைப் பக்கம் நழுவியிருந்தார். விடவில்லை பாக்கியம்.

"அம்மா போகப்போறா. இப்பவும் சொல்ல மாட்டியா?"

அப்பா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

"மருதை. அவகூட ஒரே கப்பல்ல வந்தவன். அண்ணன் அண்ணன்னு கூப்பிடுவா. எங்க கல்யாணத்துல அவன்தான் அண்ணனா நின்னான்."

"அப்புறம்?"

"கூடப் பொறந்தவனா என்ன? ஊர் நாலு விதமாப் பேசிச்சு. படியேறாதேன்னுட்டேன்."

"இப்ப உசிரோட இருக்காரா?"

"கான் தெ மாஸ்க் ஊர்லதான் இருக்கான். போன வாரம் சந்தையில பார்த்தான். தங்கச்சி எப்படி இருக்குன்னு கேட்டான்." அப்பா மாட்டின் கயிற்றை இழுத்துக் கட்டினார். "நல்லா இருக்குன்னேன்."

போன வாரம் அம்மா படுத்த படுக்கை.

"காலையிலேயே சொல்லித் தொலைச்சிருந்தா மோட்டார் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருப்பேனே! பாவி மனுஷா!" என்று கத்தினாள். அழுகையை விட ஆத்திரம்தான் முதலில் வந்தது.

உள்ளே போய், தைப்பூசத்துக்கென்று தனக்கு வாங்கி வைத்திருந்த சேலையை எடுத்தாள். அதை மடிப்போடு போட்டோவில் அந்த ஆளின் கைமேல் வைத்து எடுத்தாள். பிறகு உதறி அம்மாமேல் போர்த்தினாள்.

"யாரு கோடிம்மா இது?"

"எங்க மாமா கோடி. கான் தெ மாஸ்க் மருதை மாமா கோடி." கொட்டகை வரை கேட்கட்டும் என்றே சொன்னாள்.

அப்பா வாசலில் வந்து நின்றார். பாக்கியம் அவரைப் பார்க்கவில்லை.

கால்மாட்டில் சேலை சுருண்டு, அம்மாவின் பாதம் தெரிந்தது. அப்பா குனிந்து அதை இழுத்துவிட்டார்.