கதவிடுக்குத் துண்டு

“வாயத் திறந்து நல்லா சத்தமா மூச்சு விடுங்கய்யா” என்று டாக்டர் அப்பாவின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். அப்பா தலையைத் திருப்பி மகளைத் தேடினார்.

“போன்ல... இருக்கியாம்மா?”

இல்லையென்று தலையாட்டினாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது.

வீட்டிலிருந்தபடியே போனில் வாடிக்கையாளர்களின் புகார் கேட்பது அவள் பிழைப்பு. அடுத்த அறையில், சிகரெட்டால் நுரையீரலைத் தொலைத்த அப்பாவின் இழுப்பு. போன வாரம் ஒருத்தர், “வீட்ல மரம் அறுக்கறாங்களா மேடம்?” என்று கேட்க, இவளும் ஆமாமென்று சிரித்துத் தொலைத்தாள். அப்பாவின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அப்புறம் அதைச் சாத்தி, அடியிடுக்கில் பழைய துண்டு ஒன்றை மடித்துச் செருகினாள். இரண்டே நாளில் இழுப்பு அடங்கியது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. இன்று காலை அவர் சாப்பிடாமல் தூங்கி வழிந்ததால்தான் டாக்டரைக் கூப்பிட்டாள். வந்தவரிடம், இழுப்பு இல்லை, தேவலை என்று வேறு சொல்லி வைத்தாள்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பின் குழாயை அவள் காதில் மாட்டினார். ஒன்றுமே கேட்கவில்லை. சரியாக மாட்டவில்லையோ என்று நினைத்தாள். அவர் அதன் மறுமுனையை அவள் நெஞ்சிலேயே வைக்கச் சொன்னார். வெட்கமில்லாமல் புஸ்புஸ்ஸென்று காற்று போய்வந்தது. திரும்ப அப்பாவின் முதுகு. எங்கேயோ தூரத்தில் இலை உரசுவதுபோல ஏதோ.

“இழுப்பு கேட்டா, முட்டி மோதியாவது காத்து போகுதுன்னு அர்த்தம்மா. இப்ப உள்ள போறதே கொறஞ்சுபோச்சு. அதான் சத்தமில்ல.”

ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள். அது வருவதற்குள், தலையணைமேல் கவிழ்ந்து உட்கார்ந்தபடியே அப்பா போய்விட்டார். அவள் பக்கத்தில்தான் இருந்தாள். மூச்சு எப்போது நின்றதென்று அவளுக்கே தெரியவில்லை.

அத்தை வந்ததும் அழுதாள். “கடைசிவரைக்கும் ஒருத்தருக்கும் தொந்தரவு குடுக்கலியே எங்கண்ணன்.” கூடத்திலிருந்தவர்கள் ஆமாமென்றார்கள். அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

சாயங்காலம் அவரைக் கூடத்துக்குத் தூக்கி வர ஆட்கள் உள்ளே போனார்கள். கதவு காற்றில் சாத்திக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்து, மூலையில் கிடந்த துண்டை எடுத்துக் கதவடியில் செருகினார். கதவு அசையாமல் நின்றது.

“அளவெடுத்து மடிச்ச மாதிரில்ல இருக்கு” என்றார்.

அவள் குனிந்து துண்டை உருவினாள். அப்பா வெளியே வரும்வரை கதவைக் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.